கழுவி அடுக்கிய தட்டுகள்

என் பெண் ஏழாவது படிக்கும்போது அவள் பள்ளியில் சுற்றுச்சூழல் கிளப் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் எங்கள் ஊரான கேட்டியில் எல்லா மிடில் ஸ்கூலிலும் பிள்ளைகளுக்கு ஏதாவது கிளப் இருக்கும். செஸ், ரோபாட்டிக்ஸ் என்றால் நம் வீட்டுப் பிள்ளைகள் முண்டியடிப்பார்கள். இதில் சேர ஆள் இல்லை. இவள் போய்ச் சேர்ந்தாள். பெற்றோர் ஒருவர் வாலண்டியராக வேண்டும் என்று சயின்ஸ் டீச்சர் மெயில் அனுப்பினார். எனக்கு அப்போது வேலை இல்லை, வருகிறேன் என்று பதில் போட்டுவிட்டேன். இயற்கை மேல் பெரிய பற்று என்றெல்லாம் பீற்றிக்கொள்ள மாட்டேன். வீட்டில் சும்மா இருப்பதற்கு இது தேவலை என்று போனேன்.

என் வீட்டுக்காரர் எண்ணெய் கம்பெனியில் பைப்லைன் டிசைன் செய்கிறவர். எங்கள் வட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்குச் சோறு போடுவது அந்த எண்ணெய்தான். அதனால் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக்குக்குப் போனால் இவளைச் சீண்டுவது எல்லோருக்கும் ஒரு பொழுதுபோக்கு. “என்னம்மா, உங்க அப்பா கம்பெனிய எப்ப இழுத்து மூடப் போற?” என்று ஒரு அங்கிள் கேட்பார். “நாட் யெட், அங்கிள்” என்பாள். தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். அங்கிள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார், இவளும் சிரிப்பாள். அப்போதெல்லாம் நன்றாகச் சிரிப்பாள்.

அந்த வருஷம் கிளப் பிள்ளைகள் கையில் எடுத்தது மதியச் சாப்பாட்டுத் தட்டை. பள்ளி கஃபடீரியாவில் தெர்மாகோல் தட்டில்தான் சாப்பாடு. குழி குழியாக இருக்கும் வெள்ளைத் தட்டு. ஒரு துண்டு பீட்சாவைக் கொஞ்ச நேரம் தாங்கிவிட்டுக் குப்பைக்குப் போய்விடும். அங்கே சமையலறையில் பாத்திரம் கழுவும் பெரிய மெஷின் ஒன்று சும்மா கிடப்பதை எவளோ ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டாள். பிறகென்ன, கழுவிப் புழங்கும் தட்டுகளை ஒரே ஒரு செமஸ்டர், தங்கள் பள்ளியில் மட்டும் வைத்துப் பார்க்க அனுமதி வேண்டும் என்று ஸ்கூல் போர்டில் கேட்பதாக முடிவு. திங்கட்கிழமை மாலை போர்டு மீட்டிங். கிளப் சார்பில் பேசப் போவது என் பெண்.

டீச்சர் ஒரு யோசனை சொன்னார். போர்டில் இருப்பவர்கள் பேச்சுக் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள், கண்ணால் பார்த்தால்தான் ஏதாவது அசையும் என்றார். அதனால் ஒரு வாரம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சாப்பிட்டுப் போடும் தட்டுகளை எல்லாம் சேர்த்துவைப்பது, அதை மீட்டிங் ஹாலுக்குக் கொண்டுபோய் அவர்கள் கண்ணெதிரே மலையாகக் குவிப்பது. அதுதான் திட்டம்.

சேர்த்துவைப்பது என்றால் லேசா? கெட்சப், ராஞ்ச் சாஸ், கடித்து மிச்சம் வைத்த பெப்பரோனி. நாறக் கூடாதே என்று தினமும் கடைசி பெல் அடித்ததும் ஆர்ட் ரூம் சிங்க்கில் நின்று கழுவினோம். கிளவுஸ் நான் வாங்கிக் கொடுத்தேன். அந்தப் பிள்ளைகளில் பாதிக்குப் பாத்திரம் கழுவவே தெரியவில்லை. என் பெண்தான் ஒவ்வொருத்தருக்கும் பக்கத்தில் நின்று, குழியின் மூலையில் விரலை விட்டுத் தேய்க்கச் சொல்லிக்கொடுத்தாள். காய்ந்த பிறகு ஒவ்வொரு தட்டின் அடியிலும் பச்சை மார்க்கரில் சின்னதாக ஓர் இலை வரைந்தார்கள். எல்லாவற்றையும் கஃபடீரியா மேடைக்குப் பின்னால், திரைக்கு அந்தப் பக்கம் அடுக்கினோம். தூசி படாமல் இருக்க என் வீட்டு பெட்ஷீட்டைக் கொண்டுபோய்ப் போர்த்தினேன். நீலப் பூப்போட்டது, ஈரோட்டில் வாங்கியது. வெள்ளிக்கிழமை பார்க்கும்போது, சும்மா சொல்லக் கூடாது, இப்போதுதான் கடையிலிருந்து வந்த மாதிரி இருந்தன. “அம்மா, தே லுக் பிராண்ட் நியூ” என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

எங்கள் தமிழ்ப் பள்ளி நடப்பதும் அதே கட்டடத்தில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்திருந்தோம். அதற்கு முன்னால் இருந்த இடத்தில் தரையில் சாம்பார் கறை என்று சொல்லி எங்களை அனுப்பிவிட்டார்கள். அலையாய் அலைந்து இந்த இடம் கிடைத்தது. அதனால் எங்கள் ஆட்களுக்குக் கட்டடம் என்றாலே ஒரு பயம். வகுப்பு முடிந்தால் நாற்காலியைக்கூட வந்தபோது இருந்த கோணத்திலேயே திருப்பிவைத்துவிட்டுப் போவார்கள்.

அந்த ஞாயிறு பொங்கல் விழா. சாப்பாட்டுப் பொறுப்பு என் வீட்டுக்காரருக்கு. எத்தனை பேர் வருகிறோம் என்று நம் ஆட்களுக்கு முன்கூட்டியே ஆர்.எஸ்.வி.பி. போடுவது என்றால் வேப்பங்காய். வாட்ஸாப்பில் தலைகீழாக நின்று கேட்டாலும் ஒரு பதில் வராது. அன்றைக்குப் பார்த்தால் ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார், மாமியார், பக்கத்து வீட்டுக் குடும்பம் என்று வேன் வேனாக வந்து இறங்குவார்கள். அன்றும் அப்படித்தான். சாப்பாடு போதுமானதாக இருந்தது, தட்டு பாதியிலேயே தீர்ந்துவிட்டது.

நான் அப்போது ஒரு வகுப்பறையில் கோலாட்டப் பெண்களுக்குப் பாவாடை நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டு கஃபடீரியாவுக்கு வந்தால் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் வேர்த்து விறுவிறுத்து வந்து, அழகாக மடித்த ஒரு துணியை என் கையில் கொடுத்தார்.

“இதப் பாரேன், நம்ம வீட்டு பெட்ஷீட் மாதிரியே இருக்கு. மேடைக்குப் பின்னாடி ஸ்கூல் தட்டு மேல போட்டு வெச்சிருந்தாங்க. நல்லவேளை கெடச்சுது, இல்லேன்னா மானம் போயிருக்கும். நாளைக்குப் புதுசு வாங்கி வெச்சுடலாம்.”

அந்தத் தட்டுகளைப் பற்றி எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டில் பேசாத நாளில்லை. இவர் “ம்”, “குட், குட்” என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருக்கிறார். ஃப்ரீவேயில் அரைபட்டு வரும் மனுஷன். உடம்பு வீட்டுக்கு வந்த பிறகு காது வந்து சேர இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்.

“அது புதுத் தட்டு இல்லீங்க. பிள்ளைங்க சாப்பிட்டத நாங்க கழுவி வெச்சது. நாளைக்கு மீட்டிங்குக்கு எடுத்துட்டுப் போறதுக்கு” என்றேன்.

மீட்டிங் என்பது அவர் காதில் ஏறவே இல்லை. “எச்சத் தட்டா?” என்றார்.

நான் ஹாலைப் பார்த்தேன். சொந்த வீட்டிலேயே அடுத்தவர் டம்ளரில் வாய் வைக்காதவர்கள், மூடி திறந்த தண்ணீர் பாட்டிலைத் தொடாதவர்கள், அத்தனை பேரும் சர்க்கரைப் பொங்கலை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போன வாரம் எவனோ ஒருவனின் ராஞ்ச் சாஸ் இருந்த குழியில் இப்போது தேங்காய்ச் சட்னி. வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு நம் கன்னத்தை நாமே தொட்டுப் பார்ப்போமே, அப்படி இருந்தது. பெட்ஷீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது என் பெண் வந்தாள். அன்றைக்கு அவள்தான் நிகழ்ச்சித் தொகுப்பு, அரக்குப் பட்டுப் பாவாடை. வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு மேஜைகளுக்கு நடுவே மெல்ல நடந்தாள். சாப்பிட்டு முடித்து எழுந்த ஓர் ஆன்ட்டியிடம், “ஐ வில் டேக் இட், ஆன்ட்டி” என்று தட்டை வாங்கிக்கொண்டாள். “எவ்ளோ நல்ல பொண்ணு” என்று ஆன்ட்டி கன்னத்தைத் தட்டினார். அவர் போன பிறகு தட்டைத் தூக்கி அடியில் பார்த்தாள். இலை இருந்தது. சாம்பார் அவள் மணிக்கட்டில் வழிந்தது. தட்டைக் குப்பைத் தொட்டியில் வைத்தாள். போடவில்லை, வைத்தாள். எங்கள் இருவரையும் பார்த்தாள். அவள் அப்பா கையை உயர்த்தி, அப்புறம் பேசிக்கலாம் என்று ஜாடை காட்டினார். இவள் கையைத் துடைத்துக்கொண்டு மேடை ஏறி, “அடுத்ததாக, கண்ணுக்கு விருந்தாக ஒரு கோலாட்டம்” என்றாள். மனப்பாடம் செய்த தமிழ், ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

முடிந்ததும் சுத்தம் செய்தார்கள். அதில் எங்கள் ஆட்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. தட்டுகளை இரண்டாக உடைத்து, கறுப்புப் பைகளில் திணித்து, காலால் மிதித்து அமுக்கி, பின்கட்டுக் குப்பை வண்டிக்குள் வீசினார்கள். மேடைக்குப் பின்னால் ஒன்றுகூட மிஞ்சவில்லை. குப்பையிலிருந்து ஒன்றிரண்டையாவது எடுக்கலாம் என்று நான் போய்ப் பார்த்தேன். எடுப்பதற்கு ஒன்றும் இல்லை.

காரில் அவர்தான் பேசினார். “கண்ணா, அப்பாவுக்கு நெஜமாவே தெரியாதும்மா. சாரி.” இவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். “ஒண்ணே ஒண்ணு. நாளைக்கு யாராவது கேட்டா தமிழ் ஸ்கூல்னு சொல்லிடாத. ஸ்டூடன்ட் ப்ராஜெக்ட்டக் கெடுத்துட்டாங்கன்னா பில்டிங் போயிடும். நம்ம ஆளுங்களுக்கும் தெரியக் கூடாது. எச்சத் தட்டுல சோறு போட்டேன்னு தெரிஞ்சா என்ன உண்டு இல்லேன்னு பண்ணிடுவாங்க.”

“தென் வாட் டூ ஐ சே?”

“தூக்கிப் போட்டாச்சுன்னு சொல்லு. அது பொய் இல்லையே.”

“ஓகே” என்றாள்.

கட்டடம் போனால் அத்தனை பிள்ளைகளின் தமிழும் போகும் என்பது எனக்கும் தெரியும். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தை ஏழாவது படிக்கிற பெண்ணின் தலையில் தூக்கி வைக்கிறோமே என்றிருந்தது. இருந்தது, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே கிளப் பிள்ளைகளுக்கு அவள் மெசேஜ் அனுப்பிவிட்டாள். மேடையை ஒழுங்குபடுத்தும்போது தட்டுகளைத் தானே நகர்த்தியதாகவும், அவை குப்பைக்குப் போய்விட்டதாகவும், தப்பு தன்னுடையது என்றும். அப்பா கேட்டதைவிட ஒரு படி அதிகமாகவே செய்திருந்தாள்.

திங்கட்கிழமை மீட்டிங் ஹாலில் கிளப் பிள்ளைகள் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இவளோடு சேர்ந்து கழுவிய தோழி ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். டீச்சர் மட்டும் இவள் தோளைத் தொட்டு, “நீ பேசு, போதும்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். என் வீட்டுக்காரர் ஆபீசிலிருந்து சீக்கிரமே கிளம்பி நேராக அங்கே வந்திருந்தார்.

நன்றாகத்தான் பேசினாள். மெஷின் சும்மா கிடப்பதைச் சொன்னாள், ஒரு செமஸ்டர் போதும் என்று கேட்டாள். ‘இதோ உங்கள் முன்னால் இருப்பவை’ என்று ஒரு வரி இருந்தது, அதை விட்டுவிட்டாள். போர்டு தலைவர் வயசான, தன்மையான மனிதர். தட்டுகளைக் கொண்டுவருவதாக டீச்சர் சொல்லியிருந்தாரே, எங்கே என்று சிரித்தபடி கேட்டார்.

“ஐ த்ரூ தெம் அவே, சார்” என்றாள்.

அவர் ஒரு கணம் பார்த்துவிட்டு, தூக்கிப் போடத்தானேம்மா அந்தத் தட்டு என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஹால் முழுக்கச் சிரித்தது. அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. இவளும் அவர்கள் சிரித்து முடிக்கும் வரை நின்று, நன்றி சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அடுத்த விஷயம் பார்க்கிங் பற்றியது.

என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து, “நல்லா சமாளிச்சுட்டா” என்றார், மூச்சு விட்டபடி. நான் கையை எடுக்கவும் இல்லை, பதிலுக்குப் பிடிக்கவும் இல்லை.

தட்டுக் கோரிக்கையை இப்போதைக்கு எடுத்துக்கொள்ள முடியாது என்று பிறகு போர்டிலிருந்து பள்ளிக்குப் பதில் வந்தது. ஒருநாள் அவளிடம், “அப்பா மேல கோபமா?” என்று கேட்டேன். “நோ. இட்ஸ் ஃபைன்.” என் மேல் கோபமா என்று கேட்டேன். அதற்கும் இட்ஸ் ஃபைன்தான். கத்தியிருந்தால், கதவைச் சாத்தியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

எட்டாவது போனதும் ரோபாட்டிக்ஸில் சேர்ந்தாள். இந்தியன் ஸ்டோரில் நான் பிளாஸ்டிக் பை எடுத்தால் முன்பெல்லாம் முறைப்பாள், இப்போது அவளே பையின் வாயைப் பிரித்துப் பிடிக்கிறாள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் பேப்பர் பிளேட் எடுத்து வைக்கிறாள். “இப்பதான் பிராக்டிகலா யோசிக்கறா” என்று அவள் அப்பாவுக்குச் சந்தோஷம். சீண்டுகிற அங்கிளுக்குத்தான் பொழுது போகவில்லை.

அடுத்த பொங்கலும் அதே கஃபடீரியாவில்தான். இந்த முறை என் வீட்டுக்காரர் தெர்மாகோல் தட்டுகளைத் தேவைக்கு மேலேயே வாங்கி அடுக்கியிருந்தார். வரிசையின் ஆரம்பத்தில் நின்று தட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவள் என் பெண். எனக்கு முன்னால் நின்ற ஆன்ட்டி, “முன்னல்லாம் இது வேண்டாம், அது கூடாதுன்னு ஒரே ரகளை பண்ணுவா. இப்ப எவ்ளோ பொறுப்பா ஆயிட்டா பாருங்க” என்றார். “ஆமாங்க” என்றேன்.

என் முறை வந்தது. அவள் ஒரு தட்டை எடுத்து, யோசித்து, அதன் அடியில் இன்னொன்றையும் சேர்த்து நீட்டினாள்.

“ஒண்ணு தாங்காதும்மா, சாம்பார் கொட்டிடும். ரெண்டா வெச்சுக்கோ.”

நான் ரெண்டையும் வாங்கிக்கொண்டேன்.