ராகு காலம் முடியக் காத்திருந்தோம்

கண்ணுக்குத் தெரியும்வரைதான் ஓட்டலாம் என்பது என் லைசென்ஸ். மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பி ஓட்ட எனக்கு அனுமதி இல்லை. நான் ஓட்டிய சின்ன ஹெலிகாப்டரும் அதற்கானதல்ல. இதைச் சொல்ல நான் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை.

சித்தூரில் மாம்பழக்கூழ் ஆலை வைத்திருந்த ஒருவரிடம் பைலட்டாக இருந்தேன். அவர் மகனுக்குத் திருப்பதியில் கல்யாணம். ஐப்பசி மாதம், திங்கட்கிழமை, பத்தரைக்குள் முகூர்த்தம். சொந்தபந்தமெல்லாம் முந்தின நாளே போய்விட்டது. முதலாளியும் அவர் மனைவியும் தாலியோடு என்னுடன் வர வேண்டும்.

காலை ஏழுக்கு வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. இப்போதே கிளம்பலாம் என்றேன். அந்த அம்மா பூஜையை முடித்து வருவதற்குள் ஏழரை ஆகி, ராகு காலம் தொடங்கிவிட்டது.

"தாலி எடுத்துக்கினு ராகு காலத்துல போவாங்களாம்மா? ஒம்போதுக்கு மேல போலாம்" என்றார் முதலாளி.

கிழக்கே மழை கட்டுவது தெரிந்தும் தலையாட்டினேன். அது என் தப்பு. அதை வேறு யார் தலையிலும் கட்ட மாட்டேன்.

ஒன்பதுக்குக் கிளம்பினோம். பூதலப்பட்டு தாண்டியதும் எதிரே இருந்த குன்றுகளில் பாதியைக் காணோம். உயரத்தைக் குறைத்தேன். மேகமும் விடாமல் இறங்கியது.

"கீழ ரோடு தெரியுதே. அதையே பாத்துக்கினு போம்மா. பெருமாள் பாத்துப்பாரு."

"பெருமாளுக்குத் தெரியும் சார். எனக்குத் தெரியலயே. கரண்டு கம்பி எங்க இருக்குதுன்னு யாரு பாக்குறது?"

பயிற்சியில் ஒருமுறை வெளியே எதுவும் தெரியாதபடி என் கண்ணை மறைத்து ஓட்டச் சொன்னார்கள். நேராகப் போகிறேன் என்று அடித்துச் சொன்னேன். மறைப்பை எடுத்தால் ஒரு பக்கமாகச் சரிந்து, தரையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தேன். உடம்பு அவ்வளவு துணிச்சலாகப் பொய் சொல்லும் என்று அன்றுதான் தெரிந்தது. பக்கத்தில் ஆசிரியர் இருந்ததால் பிழைத்தேன். இப்போது பக்கத்தில் முதலாளி இருந்தார்.

திரும்பலாம் என்று பார்த்தால் பின்னாலும் மேகம் மூடிவிட்டது. வீட்டுமனை போட்டு எல்லைக்கல் நட்டு வைத்திருந்த நிலம் ஒன்று தெரிந்தது. அவர் கத்தக் கத்த அங்கே இறக்கினேன். கார் வந்து, அவர்கள் திருப்பதி போய்ச் சேர்வதற்குள் முகூர்த்தம் தப்பிவிட்டது. மதியத்துக்கு மேல்தான் தாலி கட்டினார்களாம். அந்த அம்மாவை நினைத்து எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

மறுநாள் முதலாளி கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்.

"இன்ஜின் கோளாறுன்னு எழுதிக்குடு. சம்பந்தி வீட்டுல தலை காட்ட முடியல. எழுதினா வேலை இருக்கும்."

இன்ஜின் பாவம், அது ஒழுங்காகத்தான் ஓடியது. அதன்மேல் பழியைப் போட்டால், அடுத்து வரும் பைலட்டையும் இதே மேகத்துக்குள் போகச் சொல்வார். 'ராகு காலம் முடியக் காத்திருந்தோம். மேகம் இறங்கியது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. நான் இறக்கினேன்' என்று எழுதினேன். கிழித்துப் போட்டார். இன்னொரு தாள் எடுத்து அதையே எழுதினேன்.

அன்றோடு வேலை போயிற்று. வாசல்வரை வந்து என்னைத் திட்டினார். நன்றாகத் திட்டட்டும், அதற்கு அவர் உயிரோடு இருந்தாரே.