விரலுறை மாட்டி வாசித்த சி கார்டு

என் மனைவி தையற்காரி. காலர் இம்மி கோணினாலும் எட்ட நின்றே கண்டுபிடித்துவிடுவாள். சுருதி கோணினால் மட்டும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் தெரியாது. நானோ மேடைக் கச்சேரிகளில் கிட்டார் வாசித்துப் பிழைத்தவன். "அது காதா, சட்டைப் பொத்தான் காஜாவா?" என்று அவளைக் கிண்டலடித்தே காலத்தை ஓட்டிவிட்டேன்.

அப்புறம் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது, பேச்சும் போனது. எல்லாம் புரியும். தண்ணீர் என்று சொல்ல நினைப்பேன், வாயில் வெறும் காற்றுதான் வரும்.

"பழகின பாட்டைக் காதுல போடுங்க. சில பேருக்கு அப்படித்தான் வாய் திறக்கும். சும்மா விட்டா இப்படியே நின்னுடும்" என்றார் பேச்சுப் பயிற்சி தரும் அம்மா.

அன்றே மனைவி என் கிட்டாரை இறக்கித் துடைத்தாள்.

"பாட்டுதானே, ரேடியோ போட்டா போதாதாக்கா?" என்றாள் மச்சினி.

"ரேடியோ இவர் முகத்தைப் பாக்குமாடி?"

செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாள். சி, ஏ மைனர், ஜி என்று மூன்று கார்டுகள், அதாவது பல கம்பிகளைச் சேர்த்து மீட்டுகிற சுரக்கூட்டுகள். சி கார்டுதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. ஒரு விரலைச் சரியாக வைத்தால் இன்னொன்று நழுவும். துணியில் குறி போடும் சாக்பீஸை எடுத்துக் கிட்டார் கழுத்தில் குறி போட்டாள். "துணின்னா குறியை விட்டு ஒரு நூல் நகராது. இந்த விரலுக்கு என்ன கேடு?" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். எனக்கோ பற்றிக்கொண்டு வரும். கத்தவும் வாயில்லையே!

கம்பி அழுத்தி அழுத்தி விரல் நுனிகள் கன்றிப்போயின. ஊசி பிடிக்கவே சிரமப்பட்டாள். ஒரு மாலை சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். இடது கையின் மூன்று விரல்களிலும், ஊசி குத்தாமலிருக்க மாட்டுகிற இரும்பு உறைகள்.

"இனிமே வலிக்காது பாருங்க."

அழுத்தினாள், மீட்டினாள். இரும்பும் கம்பியும் உரசி ஒரு கர்ண கொடூரமான சத்தம்.

"தப்பு!"

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள், யாரோ வந்துவிட்டதாக நினைத்து. கத்தியது நான்தான்.

"என்னங்க சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க."

முயன்றேன். காற்றுதான் வந்தது. அவள் மறுபடி அதே கொடூரத்தை வாசித்தாள்.

"தப்பு! தப்பு!"

கண்ணீர் வழிய வழிய வாசித்தாள். கட்டிய நாளிலிருந்து நான் திட்டியதற்கு அவள் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

அந்த ஒரு சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டு மற்ற சொற்களும் ஒவ்வொன்றாக வீடு திரும்பின. இப்போது ஓரளவு பேசுகிறேன். அவளும் மூன்று கார்டுகளையும் சுத்தமாக வாசிக்கிறாள். இந்தப் பேச்சு அவள் கொடுத்தது. அதை அவளிடமே சொல்லியும்விட்டேன்.

சில நாள் நாக்கு மறுபடி இழுத்துக்கொள்ளும். சோர்ந்துபோய் வாயை மூடிக்கொள்வேன். அப்போது அவள் தையல் பெட்டியைத் திறப்பாள், விரல்களில் உறைகளை மாட்டிக்கொண்டு கிட்டாரோடு என் எதிரில் வந்து உட்காருவாள்.

"திட்டுங்க" என்பாள்.