கரையாத மஞ்சள் கட்டிகள்

என் மகனின் முழங்கையில் மஞ்சளாகக் கட்டிகள் முளைத்தபோது நாங்கள் யாரும் பயப்படவில்லை. மரு என்றார்கள். மருவுக்குத்தான் எங்கள் பக்கத்தில் வழி இருக்கிறதே! உப்பும் மிளகும் வாங்கிக் கோயில் குளத்தில் போட்டால், உப்பு கரைகிற மாதிரி மருவும் கரைந்துவிடும். குளத்தோரம் பொட்டலமாகவே விற்பார்கள். போட்டோம். கரையவில்லை. மறுபடியும் போட்டோம். கட்டி முழங்காலுக்கும் குதிகாலுக்கும் பரவியதுதான் மிச்சம்.

தொண்ணூறுகளின் கடைசி அது. எனக்கு மறைமலைநகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. பையன் ஆறாவது படித்தான். பள்ளிக்கூடத்திலிருந்து மகாபலிபுரம் கூட்டிப்போனார்கள். கடற்கரை மணலில் ஓடியவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வெயில் என்று சொல்லி வாத்தியார் சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. மனைவியையும் அழைத்துக்கொண்டு அவனைச் செங்கல்பட்டில் ஒரு டாக்டரிடம் காட்டினேன்.

அவர் முழங்கையைத் தடவிப் பார்த்தார். "இது மரு இல்லைங்க, கொழுப்பு. ரத்தத்துல கொலஸ்ட்ரால் அதிகமாகி இப்படித் தேங்கி நிக்குது."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. கொலஸ்ட்ரால் என்பது தொப்பை போட்ட முதலாளிகளுக்கு வருகிற சமாச்சாரம் இல்லையா? இவனோ எலும்பும் தோலுமாக நின்றான். "சார், வூட்ல கறி எடுக்கறதே எப்பனா ஒரு வாட்டிதான்" என்றேன்.

"மாமா, அவுரு இன்னா சொல்றாருன்னு கேளு" என்று என் மனைவி கையைப் பிடித்து இழுத்தாள்.

டாக்டர் நிமிர்ந்தார். "சொந்தத்துல கல்யாணமா?"

"கூடப் பொறந்த அக்கா பொண்ணு சார்" என்றேன், பெருமையாக.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். இது பரம்பரையாக வருவது. அப்பா அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து வந்தால் நடுவயதில் நெஞ்சுவலி வரலாம். இரண்டு பேரிடமிருந்தும் வந்தால் சின்ன வயதிலேயே இதயத்தின் ரத்தக்குழாய் அடைக்க ஆரம்பித்துவிடும். என் அப்பா நாற்பது வயதுகூட ஆகாமல் வயலில் விழுந்து செத்தார். பாம்பு கடித்தது என்றே இத்தனை வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மூன்று பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். எனக்கும் மனைவிக்கும் அதிகம். பையனுக்கு எங்கள் இருவருடையதையும் கூட்டிய மாதிரி இருந்தது. மூன்று பேருக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பையனுக்கு அது எவ்வளவு தூரம் கேட்கும் என்று சொல்ல முடியாதாம். சின்னவளுக்கும் உடனே பார்த்துவிடுங்கள் என்றார்.

எங்கள் மகளுக்கு அப்போது ஐந்து வயது. உடம்பில் ஒரு கட்டி கிடையாது. விஷயம் தெரிந்து என் அக்கா, அதாவது என் மாமியார், ஓடிவந்தாள்.

"பொட்டப் புள்ளைக்கு சீக்குன்னு பேர் வெச்சிட்டா எவன்டா கட்டுவான்? வேணான்டா."

"கட்டிக் குடுக்க அது உசுரோட இருக்கணும்ல!" என்று கத்தினேன். அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் அழுகைதான் வந்தது. ஆனாலும் மகளைக் கூட்டிப்போய் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தோம்.

முடிவு வருகிறவரை வீடு வீடாக இல்லை. மகளைக் குளிப்பாட்டும்போதெல்லாம் மனைவி அவள் குதிகாலை அழுத்தி அழுத்திப் பார்ப்பாள். குழந்தைக்குக் கூச்சம், கலகலவென்று சிரிக்கும். அந்தச் சிரிப்பைக் கேட்கப் பொறுக்காமல் நான் தெருவுக்குப் போய்விடுவேன். சாப்பாட்டுக்குப் பிறகு நாங்களும் பையனும் சேர்ந்து மாத்திரை போட்டுக்கொள்வோம். "நம்ம எல்லாருக்கும் ஒரே சீக்குதான்டா" என்பேன். அதில் அவனுக்கு ஒரு திருப்தி.

முடிவு கேட்க நான்கு பேருமாகப் போனோம். "பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லை" என்றார் டாக்டர். மனைவி குழந்தையை இறுக்கிக்கொண்டு அழுதாள். நான் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அப்படி ஒரு சந்தோஷம் எங்களுக்கு. பையன் கிட்டே வந்து தங்கையின் முழங்கையைத் தடவிப் பார்த்தான்.

"தப்பிச்சிக்கினடி" என்றான்.

திரும்பும்போது பஸ் கோயில் குளத்தருகே நின்றது. அவன் என் சட்டையை இழுத்தான்.

"நைனா, எறங்கலாமா? இன்னொரு வாட்டி உப்பு மொளகு போட்டுட்டுப் போலாம்."

"அது மரு இல்லன்னு டாக்டரு சொன்னாருல்ல?"

"தெரியும். சும்மா போட்டுப் பாக்கலாம்."

இறங்கினோம். எத்தனை பொட்டலம் வேண்டும் என்று கடைக்காரம்மா கேட்டாள். இருப்பது எல்லாவற்றையும் கொடு என்றேன்.