சாய்கோட்டோடு நின்ற சொல்

மலருக்கு இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிதான் உண்டு. இருபத்திரண்டு வயதில், ஸ்கூடாய்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், தகடு அழுத்தும் இயந்திரம் மீதியை எடுத்துக்கொண்டது. ஆறு மாதம் லாயாங் லாயாங் ஊரில் அம்மா வீட்டில் கிடந்தாள். பிறகு கணினிப் படிப்பில் சேர்ந்தாள்.

"இந்தக் கைய வச்சுக்கிட்டா டைப் அடிக்கப் போறே?" என்றார் மாமா.

"எட்டு விரல் முழுசா இருக்கு மாமா. போதும்."

இப்போது வயது முப்பத்தொன்பது. கிளினிக்குகளின் எக்ஸ்ரே படங்களைச் சேமித்து வைக்கும் ஜொகூர் பாரு நிறுவனம் ஒன்றில் சர்வர்களைக் கவனிக்கிறாள். நாள் முழுக்கக் கறுப்புத் திரையில் கட்டளை எழுதும் வேலை. ஒரு கோப்புறையைக் கூப்பிட அதன் முகவரியை முழுதாக எழுத வேண்டும்: சாய்கோடு, ஒரு பெயர், மறுபடி சாய்கோடு, இன்னொரு பெயர். கண்ட்ரோலையும் டபிள்யூவையும் சேர்த்து அழுத்தினால் கடைசிச் சொல் அழியும். ஆனால் அங்கே கட்டளைகளை வாங்கிக்கொள்ளும் ஷெல் என்ற நிரலுக்குச் சாய்கோடும் சொல்லில் சேர்த்தி. கடைசிப் பெயரில் ஓர் எழுத்து தப்பினாலும் மொத்த முகவரியும் போய்விடும். திரும்ப அடிப்பது மற்றவர்களுக்கு ஐந்து நொடி. மலருக்குச் சாயங்காலத்துக்குள் மணிக்கட்டு வீங்கிவிடும்.

எந்தக் குறியெல்லாம் சொல்லுக்குள் அடக்கம் என்று ஷெல்லுக்கு நாமே சொல்லலாம் என்பதை ஒரு மதியம் படித்தாள். அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி. பட்டியலிலிருந்து சாய்கோட்டை எடுத்தாள். அழிப்பது சாய்கோட்டோடு நின்றது. அந்த வாரம் கை வலிக்கவில்லை.

அலுவலகத்தில் நான்கு பேருக்கும் ஒரே லாகின்; ஒருவர் மாற்றினால் எல்லோருக்கும் மாறும். மற்றவர்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள், சொல்லவில்லை.

மூன்றாவது வாரம், அடுத்த மேசைக் கவின் தற்காலிகக் கோப்புறைக்குள் போய், அங்கிருந்த 2017 என்ற நகலை அழிக்கப் பார்த்தான். உள்ளேயே இருந்ததால் முகவரி வேண்டாம், வெறும் பெயர் போதும். காலையில்தான், காலாவதியான 2016 படங்களை முழு முகவரி கொடுத்து அழித்திருந்தான். அதே கட்டளையைத் திரும்ப வரவழைத்து, முகவரியை ஓர் அழுத்தில் துடைத்து, 2017 என்று அடித்தான். எட்டு வருடப் பழக்கம், திரையைப் பார்க்கவில்லை. துடைபட்டது 2016 மட்டுமே. முன்பாதி முகவரியோடு 2017 ஒட்டிக்கொண்டது. நகல் அப்படியே இருந்தது. மூலப்படங்கள் போயின.

மேலாளர் தியாகராஜா கவினைக் கூப்பிட்டார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவன் தலைகுனிந்து நிற்பதை மலர் பார்த்தாள். அந்த வரியை யாரும் தேடப்போவதில்லை. தேடினாலும் யார் எழுதியது என்று அதில் இல்லை. எழுந்து போய்க் கதவைத் தட்டினாள்.

"சார், ஷெல் செட்டிங்க நான்தான் மாத்தினேன். அவருக்குத் தெரியாது."

"ஏன் மாத்தினீங்க?"

கையைக் காட்டலாம். காட்டவில்லை. "எனக்கு வசதியா இருந்துச்சு சார். சொல்லாம மாத்தினது என் தப்பு."

தியாகராஜா கவினையும் ஒருமுறை பார்த்தார். "நடந்தத எழுதிக் குடுங்க. ரெண்டு பேருமே."

காப்புப் பிரதியிலிருந்து படங்களை மீட்க மறுநாள் மதியம் ஆயிற்று. மலருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இனி ஆளுக்கொரு லாகின் என்று முடிவானது. அவள் தன்னுடையதில் அந்த வரியை மறுபடி எழுதினாள்.

பத்து நாள் கவின் வேலையைத் தவிர எதுவும் பேசவில்லை. பதினொன்றாம் நாள் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

"அக்கா, புள்ளி? அதுவும் சொல்லுக்குள்ளதான் வருமா?"

"வரும். அத நான் எடுக்கல."

"ஏன்லா?"

"எடுத்துப் பாத்தேன். கோப்புப் பேர் பாதியில நிக்குது. பிடிக்கல."

"காட்டுங்க," என்றான்.