ஐந்து ஸ்டார்

புனே சிஞ்ச்வட்டில் எங்கள் அபார்ட்மென்ட் சொசைட்டிக்கு எதிரே புது சூப்பர் மார்க்கெட். வாசலில் பேனர்: ‘உள்ளூர் இளைஞர்களுக்கு வேலை.’

உள்ளே பில் போட ஆளே இல்லை, மெஷின்கள்தான். நாமே போட்டுக்கொள்ளச் சொல்லித்தர ஒரு பெண். பக்கத்து ஊரான கட்கியில் வளர்ந்த தமிழ்ப்பெண்.

"இப்டி காட்டுங்க ஆன்ட்டி. பஸ், ஹோ கயா! அவ்ளோதான்."

மூன்று முறை பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள்.

"எல்லாரும் கத்துக்கிட்டா நீ என்னம்மா பண்ணுவே?" என்று கேட்டேன்.

"சீக்கிரம் கத்துக்குடுத்தா பர்மனென்ட்னு சார் சொல்லியிருக்கார்."

பக்கத்திலேயே நின்ற அந்த சாருக்குத் தமிழ் தெரியாது. ‘பர்மனென்ட்’ காதில் விழுந்ததும் குனிந்து போனைப் பார்க்க ஆரம்பித்தார்.

உதவியவருக்கு எத்தனை ஸ்டார் என்று மெஷின் கேட்டது. அவள் ஆவலாகப் பார்த்தாள். ஐந்தும் அழுத்தினேன்.

"இனிமே நானே போட்டுப்பேன்" என்றேன். கைதட்டினாள், பாவி.

தன் வேலைக்குத் தானே உலை வைத்துக்கொள்கிறவளுக்கு நீங்களாயிருந்தால் எத்தனை அழுத்தியிருப்பீர்கள்?