புகைக்கு வால் உண்டு

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் ஒரு சாட்டிலைட் படம் வந்தது. கம்பம் பள்ளத்தாக்கின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு போர்வை. கீழே ஒரு வரி: 'கருமேகம் திரளுது. இந்த வாரம் மழை உறுதி.'

அனுப்பியவர் மச்சான். என் அக்காவின் வீட்டுக்காரர். கம்பத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் வாழை போட்டிருக்கிறார். கிணறு வற்றி, வாழை காய்ந்துகொண்டிருக்கிறது.

ஆளாளுக்குக் கும்பிடு போட்டார்கள். சித்தப்பா ஒருவர் மயில் ஆடும் வீடியோவே அனுப்பிவிட்டார். எனக்கு மட்டும் இடித்தது. தேனியில் என் வீட்டு மாடியில் காயப்போட்ட வேட்டியெல்லாம் கரித்தூள். மழை மேகத்தில் கரி எங்கிருந்து வரும்?

சாட்டிலைட் படங்கள் போடும் இணையதளத்தைத் திறந்தேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மேகம் பஞ்சுப் பொதி மாதிரி வெள்ளையாக நிற்கும். புகை அப்படியில்லை — அதற்கு வால் உண்டு. ஓரிடத்தில் ஒல்லியாகக் கிளம்பி, காற்று போகிற பக்கம் அகன்றுகொண்டே போகும். வாலைப் பிடித்தால் தீ இருக்கிற இடம் கிடைத்துவிடும்.

படங்களை நாள் நாளாகப் பின்னுக்குத் தள்ளினேன். போர்வை சுருங்கியது... சுருங்கி, கடைசியில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி. தீ எரிகிற இடத்தை அந்தத் தளம் அப்படித்தான் காட்டுகிறது. 'கேரளாக்காரன் வச்ச தீ' என்று சொல்லத் தயாராக இருந்தேன். இங்கே எல்லாப் புகைக்கும் அதுதானே பதில்? ஆனால் புள்ளி மலைக்கு இந்தப் பக்கம் இருந்தது. மச்சான் ஊருக்கு நேர் மேலே.

அந்த நேரம் அக்காவிடமிருந்து போன். பேச்சு வரவில்லை, இழுப்புச் சத்தம்தான் வந்தது. அவளுக்கு வீசிங் உண்டு. பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

சின்னமனூர் தாண்டியதுமே கண் எரிந்தது. மலையையே காணோம். வண்டியை ஓரங்கட்டி, வனத்துறை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். காற்றடித்தால் புகை போய்விடும் என்றார் ஒருவர். போகும் சார், யார் நெஞ்சுக்குள் போகும்? கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

வீட்டில் அக்கா நெபுலைசர் மாஸ்க்கோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலெல்லாம் திறந்து கிடந்தது. மழைக்காற்று வரட்டுமாம்! எல்லாவற்றையும் இழுத்துச் சாத்திவிட்டு, மச்சானிடம் செல்போனை நீட்டினேன். இது மேகமில்லை, புகை என்றேன்.

அவர் அசரவில்லை. தெரியும் என்றார்.

"புகைதான் மாப்ள மேல போயி மேகமாகும். மல எரிஞ்சாத்தான மழ எறங்கும்? ஊருல பேசித்தான் வச்சாக."

எனக்கு ரத்தம் கொதித்தது. கையில் ஸ்மார்ட்போன், வானத்தில் சாட்டிலைட்... இத்தனையும் வைத்துக்கொண்டு இந்த மனிதர் பார்த்தது என்ன? வைத்த தீ நன்றாகப் புகைகிறதா என்று! இதை அறியாமை என்று சொல்லி மன்னிக்க நான் தயாரில்லை. காட்டில் தீ வைப்பது குற்றம் என்று தெரியாதவர்களா ஒளிந்து ஒளிந்து மலை ஏறினார்கள்? புல்லும் மரமும் கருகிய சரிவில் மழைத் தண்ணீர் நிற்குமா? மண்ணையும் சேர்த்து அள்ளிக்கொண்டு ஓடாதா? அப்புறம் உங்கள் கிணற்றுக்கு என்ன மிஞ்சும்? வாய்க்கு வந்தபடி கத்தினேன்.

அக்கா மாஸ்க்கை விலக்கினாள். என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள்.

"மழ வரும் வரும்னீகளே... எனக்கு மூச்சு வரலயே."

மச்சான் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். பைக்கை அங்கேயே போட்டுவிட்டு, ஒரு காரைப் பிடித்து, கம்பம் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு அக்காவைத் தேனிக்குக் கூட்டிவந்தேன். இதை எழுதும்போது பக்கத்து அறையில் தூங்குகிறாள். இழுப்பு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

இது கோடை மழைக் காலம். தீ வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒரு மழை எப்படியும் விழும். விழுந்தால் என்ன சொல்வார்கள்? 'பாத்தியா, வச்சோம், வந்துருச்சு' என்பார்கள். அடுத்த வருஷமும் தீப்பெட்டியோடு ஏறுவார்கள். அக்கா அந்த வீட்டில்தானே இருந்தாக வேண்டும்?

விவசாயி வீட்டுப் பிள்ளை நான்... இந்த வாரம் மட்டும் மழையே வந்துவிடாதே என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.