கதவு திறக்காத கடைசி எபிசோட்

1. குரல் வந்தாச்சு, கதை வரவில்லை

"பழனிச்சாமி சார், வாய்ஸ் குடுக்கற பொண்ணு வந்து உக்காந்துண்டிருக்கா. ரெண்டு தடவை காப்பியும் ஆச்சு. கடைசி எபிசோட் எங்கேயாக்கும்?"

போனில் ராமநாதன். பாலக்காட்டில் கோயில் தெருவில் பிறந்து, அதே தெருவில் இரண்டு அறை எடுத்து ஒலிக்கதை ஆப் நடத்துகிறவர். மாயக்கதைத் தொடர்கள்தான் எங்கள் சரக்கு. நான் பெருமாட்டியில் தென்னந்தோப்புக்கு நடுவே இருக்கும் என் வீட்டிலிருந்தே அவருக்கு ஸ்டோரி எடிட்டராக வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்காரி இந்த வேலைக்கு வைத்த பெயர் 'பேய்க் கணக்குப்பிள்ளை'. எந்தப் பூதத்துக்கு என்ன சக்தி, எந்த மந்திரம் எங்கே பலிக்காது, நேற்று செத்தவன் இன்று டீ குடிக்கிறானா என்று பார்ப்பதுதானே என் பிழைப்பு, அதனால் அவளிடம் சண்டைக்குப் போக முடியவில்லை.

வராமல் போன எபிசோட் 'மேகக்காரி' தொடரின் கடைசி. எழுதுகிறவர் முத்துலட்சுமி. போடிமெட்டுக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட்டில், தேயிலை ஃபாக்டரியில் வேலை, 'லைன்' என்று சொல்லும் எஸ்டேட் வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருப்பு. அவர் கையால் எழுதுவதில்லை. ஷிப்ட் முடிந்ததும் வாட்ஸ்அப்பில் கதையைச் சொல்லி அனுப்புவார், நான் டைப் அடிப்பேன். ஒரு வாரமாக அவரிடமிருந்து சத்தமே இல்லை.

"இன்னொண்ணு," என்றார் ராமநாதன். "முடிவிலே அவளுக்கு அந்த வீடு திரும்பக் கிடைக்கணும், கேட்டேளா. ஜனங்களை அழவிட்டு அனுப்பிச்சா அடுத்த தொடருக்கு வரமாட்டா. அப்பறம் முத்துலட்சுமிக்கு இன்னொரு கதை குடுக்கறதும் கஷ்டம்."

"அது ஆகாதுங்க."

"ஏன் ஆகாது? கதைதானே!"

'கதைதானே' என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். போனை வைத்துவிட்டு, மறுநாள் காலையில் பொள்ளாச்சி பஸ் ஏறினேன்.

2. மேகத்துக்கு என்ன விலை?

இந்த வேலைக்கு வர நினைக்கும் பிள்ளைகள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவும்.

முத்துலட்சுமி முதலில் அனுப்பிய டிராஃப்டில் கதாநாயகி செங்காந்தி தொட்டதற்கெல்லாம் மேகத்தைக் கூப்பிட்டாள். திருடனை விரட்ட மேகம், காட்டுத்தீ அணைய மேகம், மாமியார் வாயை அடைக்கவும் மேகம். கேட்கச் சிரிப்பாக இருந்தது. ஆனால் மூன்றாவது மேகத்துக்கு எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

"ஏனுங்க, மேகத்தக் கூப்புடறதுக்கு அவ என்னத்தைக் குடுக்கறா?" என்று கேட்டேன்.

"குடுக்கணுமா அண்ணாச்சி?"

"குடுக்காட்டி அது மந்திரமில்லீங்க, குழாய்த் தண்ணி. தொறந்தா வருது."

"எங்க லைன்ல தொறந்தாலும் வராது," என்றார் முத்துலட்சுமி.

அடுத்த நாள் மெஷின் இரைச்சலோடு ஒரு வாய்ஸ் வந்தது. "வீட்டக் குடுக்கட்டும் அண்ணாச்சி. அவுக ஊர்ல வீடுகளுக்கு ஆளத் தெரியும். காலடிச் சத்தம் கேட்டாலே கதவு தானாத் திறந்துக்கிடும். இவ ஒவ்வொரு தடவ மேகத்தக் கூப்பிடும்போதும் வீடு இவளக் கொஞ்சம் கொஞ்சமா மறக்கட்டும். மொதல்ல காலடி. அப்புறம் குரல். கடைசில முகம்."

இத்தனை வருடத்தில் எத்தனையோ ராஜ்ஜியங்களைத் திருத்தியிருக்கிறேன். ஒரு யோசனையைக் கேட்டுவிட்டுத் தோப்புக்குள் எழுந்து நடந்தது அன்றுதான். உடனே கூப்பிட்டு ஒரே ஒரு ரூல் சேர்த்தேன்: வீடு மறந்தது மறந்ததுதான், திரும்ப ஞாபகம் வரக்கூடாது. அவரும் சம்மதித்தார்.

என் பங்குக்கு நானும் அசடு வழிந்திருக்கிறேன். விறுவிறுப்பாக இருக்கட்டும் என்று எதிரிப் படையைக் குதிரையில் வரவைத்தேன். பெருமாட்டிக்காரனுக்கு நிலம் என்றால் கண்ணுக்கெட்டிய வரை சமதரைதான்.

"குதிரைய எங்கிட்டு அண்ணாச்சி ஏத்துவீக?" என்று சிரித்தார். "லைனுக்குப் போற வழி பூரா படிக்கட்டு. மழையில ஆளே வழுக்கிக்கிட்டு வாரோம்."

ஆகவே படை நடந்து ஏறியது. சேனாதிபதி கவசத்தைக் கழற்றிவிட்டுக் காலில் அட்டை பிடுங்கினான். அந்த எபிசோடைத்தான் ஜனங்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இல்லாத ஊரை நம்பவைக்க வேண்டுமானால் இருக்கிற ஊரின் சேறு கொஞ்சம் ஒட்டியிருக்க வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

கடைசிக்கு முந்தின எபிசோடில், லைன் முழுவதையும் தீயிலிருந்து காப்பாற்ற செங்காந்தி கடைசி மேகத்தைக் கூப்பிட்டாள். வீடு அவள் முகத்தையும் மறந்துவிட்டது. கதவு திறக்கவில்லை. அங்கேதான் கதை நின்றிருந்தது.

3. வெறுங்கையோடு இறங்கக் கூடாது

உடுமலை, மறையூர் என்று பஸ் மாறி மாறி ஏறி, இடுப்பு கழன்றுபோய் எஸ்டேட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். முத்துலட்சுமி பால் விடாத கட்டன் சாயா கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"முடிவு ரெடி அண்ணாச்சி. அவளுக்கு வீடு திரும்பக் கிடைச்சிருது. டைப் பண்ணிக்கிடுங்க."

ராமநாதன் சொன்னால் தாங்கிக்கொள்ளலாம். இவரே சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அந்த ரூல் நம்முளுதுங்க."

"நாம போட்டத நாமளே அழிப்போம்."

"அழிச்சா அவ இத்தன நாளாக் குடுத்ததெல்லாம் பொய்யாப் போயிருமுங்க. கேட்டவங்க அப்பறம் நம்ம பேச்சுல எதையும் நம்ப மாட்டாங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நீங்க சொந்த வீட்ல உக்காந்துக்கிட்டு ரூல் பேசுதீக. சித்திரையில நான் ரிட்டையரு. இந்த லைன் வீட்ட ஒழிச்சுக் குடுக்கணும். கல்யாணம் முடிஞ்சு வந்து நுழைஞ்ச வீடு இது. எம் பொண்ணு பெறந்தது அந்தச் செவுத்தோரம். சாவியக் குடுத்த மறுநா இது வேற ஆளு வீடு. கதையிலயாவது ஒருத்திக்குத் திரும்பக் கிடைச்சிட்டுப் போகட்டுமே."

என்ன கற்பனை, என்ன கற்பனை என்று நான் ஒரு வருடமாகப் புகழ்ந்ததெல்லாம் இந்த எஸ்டேட்டின் அன்றாட நடப்பு. எதிரில் இருந்த மனுஷியின் மேல் எனக்குப் பாவமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பிரியமாக இருந்தது. ஆனாலும் அந்த முடிவு தப்பு என்றுதான் என் மனசு சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் வெளியே ஒரே சத்தம். பக்கத்து வீட்டு மாரியப்பனும் அவர் மனைவியும் ரிட்டையராகி, அன்றைக்குத்தான் வீட்டைக் காலி செய்தார்கள். வண்டி கீழே ரோட்டில் நின்றது. லைனில் வீட்டுக்கு ஒருவர் வந்து ஆளுக்கு ஒரு சாமானைத் தூக்கினார்கள். ஒருத்தி கோழிக்கூண்டை எடுத்தாள், ஒருவர் கேஸ் அடுப்பை எடுத்தார். நான் சும்மா வேடிக்கை பார்க்கப் படி இறங்கினேன். முத்துலட்சுமி என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"வெறுங்கையோட எறங்கப்புடாது அண்ணாச்சி. வீடு ஒழிக்கிறவுக மட்டுந்தான் கைய வீசிக்கிட்டு நடக்கணும். மத்தவுக ஒண்ணாவது தூக்கணும். இங்க வழக்கம்."

என் கையில் ஒரு சுவர்க் கடிகாரம் வந்தது. அவர் ஒரு சாமி படத்தை எடுத்துக்கொண்டார். மாரியப்பனும் மனைவியும் வெறுங்கையோடு முன்னால் நடக்க, அவர்களுடைய குடித்தனம் முழுவதும் பத்துப் பதினைந்து பேர் கைகளில் பின்னால் இறங்கியது. மாரியப்பனின் மனைவி ஒரு தடவைதான் திரும்பிப் பார்த்தார். அவர் பார்த்தது வீட்டை இல்லை, பின்னால் வந்த எங்களை.

பாதிப் படியில் முத்துலட்சுமி நின்றுவிட்டார்.

"அண்ணாச்சி, நம்ம ரூல் என்ன? மறக்கது வீடுதான? ஆளுக மறப்பாகன்னு எங்கயாச்சும் சொன்னோமா?"

"சொல்லலீங்க."

"அப்பச் சரி."

சாமான்களை வண்டியில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து அவர் முடிவைச் சொன்னார். நான் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டேன். கதவு திறக்கவில்லை. செங்காந்தி வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் காப்பாற்றிய வீடுகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் தன் வீட்டுப் பொருள் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருகிறார். அவள் வெறுங்கையோடு முன்னால் நடக்கிறாள். அவர்கள் போய் இறக்கி வைத்த இடத்தில் ஒரு புது வீடு இருக்கிறது. அதற்கு அவளைத் தெரியாது. அவள் வாசலில் நின்று ஓங்கி ஒரு மிதி மிதிக்கிறாள், முதலில் காலடிச் சத்தத்தைப் பழக்குவதற்காக.

ரெக்கார்டிங்கில் அந்த வாய்ஸ் பொண்ணு அழுது, இரண்டு டேக் வீணானது. "கதவு கடைசிவரை திறக்கலையே சார்," என்று ராமநாதன் முனகினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அவா அடுத்த கதை எப்போ சொல்லுவான்னு கேளுங்கோ," என்றார்.

4. சித்திரை

நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். கதை முட்டிக்கொண்டு நிற்கும்போது ரூலை உடைக்கக் கை துறுதுறுக்கும். உடைக்காதீர்கள். அந்த ரூல் யாரைக் கட்டவில்லை என்று சுற்றிப் பாருங்கள், அவர்களைக் கூப்பிடுங்கள். எனக்கு இதைக் காட்டியது ஒரு படிக்கட்டுதான்.

சித்திரையில் முத்துலட்சுமி வீடு ஒழிக்கிற நாளைக்கு என்னைக் கூப்பிடவில்லை. அவர் பொண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு நானே போனேன். என்னைப் பார்த்ததும் அரிசி புடைக்கிற சுளகு ஒன்றை என் கையில் கொடுத்தார். சாவியை ஆபீஸில் ஒப்படைத்துவிட்டு, கைவீசிக்கொண்டு படி இறங்கினார். போடிமெட்டு இறக்கம் முழுவதும் சுளகை மடியில் வைத்துக்கொண்டு வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தேன்.

போடியில் வாடகை வீடு. சாமான்களோடு நாங்கள் வாசலில் காத்து நின்றோம். அவர் உடனே உள்ளே போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, வாசற்படியில் ஓங்கி ஒரு மிதி மிதித்தார்.

"கேட்டிருக்கும்லா அண்ணாச்சி?"

"கேட்டிருக்குமுங்க," என்றேன்.